மாரடைப்புக்குப் பிறகு மனசும் சுபாவமும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் செய்தோ வீடு திரும்பியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்பவை இவை. உப்பு எவ்வளவு, நடை எவ்வளவு என்பதை டாக்டரிடமே கேட்டுவிடுகிறார்கள். மனசைப் பற்றிய சந்தேகத்தை மட்டும் அறையை விட்டு வெளியே வந்து, மருந்து வாங்கும் வரிசையில் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். பதில்கள் பொதுவானவை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் சொன்னால் மட்டும்தான்.

1. வீட்டுக்கு வந்ததுல இருந்து எங்க வீட்டுக்காரர் ஆளே மாறிட்டாருங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே கண்ணு கலங்குது. இது எல்லாருக்கும் வர்றதுதானா?

பலருக்கும் வரும். ஐ.சி.யூ.வில் இருக்கும்வரை சுற்றிலும் மானிட்டரும் நர்ஸும் இருப்பார்கள், பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதி இருக்கும். வீட்டுக்கு வந்து ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் தன் நெஞ்சுத் துடிப்பு தனக்கே கேட்கத் தொடங்கும். தூக்கம் பிடிக்காது, சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரும், டிவியில் யாராவது அழுதால் இவரும் அழுவார். பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் இது படிப்படியாகத் தணியும்.

தணியாமல், 2 வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் துவண்டே கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மாரடைப்பு வந்தவர்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு அது வருகிறது. கண்டுபிடிக்கும் வழி 8-ஆம் கேள்வியில் இருக்கிறது.

2. "நீ டென்ஷன் பார்ட்டி, அதான் அட்டாக் வந்துச்சு"ன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க. நெசமாவே குணத்தாலதான் வந்துச்சா?

முதலில் கேட்க வேண்டியது பீடி சிகரெட், பி.பி., சுகர், கொழுப்பு, குடும்பத்தில் சின்ன வயதில் யாருக்காவது இதய நோய் இருந்ததா என்பதெல்லாம். குணம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும்.

இந்தப் பேச்சு பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950-களில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஃப்ரீட்மேன், ரோசன்மேன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள், எப்போதும் அவசரம், போட்டி, பொறுமையின்மை என்று இருப்பவர்களை 'டைப் ஏ' என்று பிரித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில் டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்ததாகத் தெரிந்தது. ஆனால் அதே ஆட்களை வைத்து 1988-இல் வெளியான ஆய்வில், நோய் வந்த பிறகு டைப் ஏ ஆட்கள் அதிகம் இறக்கவில்லை என்று தெரிந்தது. அந்தக் காலத்து டைப் ஏ ஆராய்ச்சிக்கு சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்ததும் பின்னால் வெளிவந்தது. பழி புகையை விட்டுக் குணத்தின் மேல் விழுந்தால் அவர்களுக்கு லாபம்தானே.

கடைசியில் ஓரளவு நிலைத்து நின்றது கோபமும் பிறர்மேல் உள்ள பகை உணர்வும்தான். சுறுசுறுப்பும் உழைப்பும் குற்றமில்லை. படுத்திருப்பவரிடம் "உன் குணத்தால வந்தது" என்று சொல்வதால் ஒரு நன்மையும் கிடையாது. ஏற்கெனவே தன்னையே நொந்துகொண்டிருப்பவரை அது இன்னும் கீழே தள்ளும்.

3. அவர் பயங்கர முன்கோபி. கோபப்பட்டா மறுபடி வந்துடுமா?

கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்துக்கு மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்பது 1995-இல் இருந்து தெரிந்த விஷயம். ஒருமுறை கத்தினால் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஒரு தடவைக்கான கூடுதல் அபாயம் மிகச் சிறியது. தினமும் நாலு தடவை கத்துகிறவருக்குத்தான் அது சேர்ந்துகொண்டே போகும்.

"கோபப்படாதீங்க" என்ற அறிவுரை கோபத்தைக் கிளப்பத்தான் செய்யும். எங்கே, எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர் என்றால் தீபாவளிக்கு முந்தின மாதம் ஆர்டர் கொடுத்தவர்களின் போன்தான் நெருப்பாக இருக்கும். அந்த ஒரு மாதம் போனை மகனோ கணக்குப்பிள்ளையோ எடுக்கட்டும். கோபம் ஏறும்போது தோள் இறுகும், குரல் உயரும், பல்லைக் கடிப்பார். அந்த நேரத்தில் எழுந்து இடத்தை மாற்றி, மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வாயால் விட்டு, 10 மூச்சு. அதற்குப் பிறகு பேசலாம். வீட்டார் செய்ய வேண்டியது, அந்த 10 மூச்சு முடியும்வரை பதில் பேசாமல் இருப்பது.

4. எங்க அப்பா நேர்மாறுங்க. சத்தமே போடமாட்டார். எதையும் வெளிய சொல்லாத அழுத்தக்காரர். அமைதியான ஆளுக்கு எப்படி?

நாங்கள் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். அமைதியில் இரண்டு வகை உண்டு. மனசும் அமைதி, வெளியும் அமைதி என்றால் நல்லது. உள்ளே ஓயாத கவலை, வெளியே வாய் திறக்காத சுபாவம் என்றால் அதற்கு 'டைப் டி' என்று பெயர். பெல்ஜியத்தைச் சேர்ந்த டெனோலெட் என்ற உளவியலாளர் வைத்த பெயர். 1996-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இத்தகையவர்கள் மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம் இறந்தார்கள். பின்னால் நடந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் இறப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வும் பதற்றமும் இவர்களுக்கு அதிகம், வாழ்க்கையில் திருப்தி குறைவு என்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. நெஞ்சு இறுகினாலும் சொல்லமாட்டார்கள். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவால்லைங்க" என்பார்கள், அத்தோடு முடிந்தது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். "நேத்து மாடி ஏறும்போது எந்தப் படியில நின்னீங்க?" "ராத்திரி எத்தனை மணிக்கு முழிச்சீங்க?" "முந்தாநாள் சோத்துல பாதி மிச்சம் வெச்சீங்களே, பசியில்லையா, குமட்டலா?" இப்படி எண்ணிலோ ஒரு சொல்லிலோ பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு அழுத்தக்காரரும் பதில் சொல்வார். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்பதைவிட, கூட நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ கேட்டால் பதில் வரும். வாரம் ஒருமுறை அதைக் குறித்துவைத்து, செக்கப்புக்குப் போகும்போது அவர் எதிரிலேயே டாக்டரிடம் கொடுங்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்.

5. அம்மா எதுக்கெடுத்தாலும் பயப்படற சுபாவம். ஒரு நாளைக்கு இருவது தடவை பி.பி. பாக்கறாங்க.

பார்க்கப் பார்க்கத்தான் பயம் வளரும். பயத்தில் எடுக்கும் பி.பி. 10, 20 புள்ளி கூடத்தான் காட்டும். அதைப் பார்த்து இன்னும் பயம், அடுத்த அளவு இன்னும் கூடுதல். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்கவும். பார்த்து முடித்ததும் மெஷினை வேறொருவர் வாங்கி வைக்கட்டும்.

பயந்த சுபாவத்தால் ஒரு நன்மையும் இருக்கிறது. இவர்கள் மாத்திரையை மறப்பது அரிது. அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

6. நெஞ்சு படபடன்னு அடிச்சா அது பயமா, அட்டாக்கா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முயலவே கூடாது. குத்தினால் பயம், அழுத்தினால் அட்டாக் என்றெல்லாம் சொல்வதை நம்பாதீர்கள். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வியர்வை, குமட்டல் என்று மட்டும் வரலாம்.

செய்ய வேண்டியது: உட்கார வையுங்கள். நாக்கடி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்று வைக்கவும். தலைசுற்றலோ பி.பி. குறைவோ இருந்தால் வேண்டாம். 5 நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. டூ வீலரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம். ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலும் மலைக் கிராமங்களிலும் இருப்பவர்கள் அந்த 5 நிமிடம்கூடக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஆஸ்பத்திரியில் இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்து "ஒன்றுமில்லை, பயம்தான்" என்று சொன்னால் வீணாக வந்தோமே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. மாதத்தில் மூன்று நாலு தடவை இப்படி ஆனால் பயத்துக்கே சிகிச்சை தேவை. 9, 10-ஆம் பதில்களைப் பாருங்கள்.

7. எங்க மாமா எதையும் லேசா எடுத்துக்குவார். "எனக்கு ஒண்ணும் ஆகாது"ம்பார். அது நல்ல குணந்தானே?

பாதி நல்லது. நல்லதே நடக்கும் என்று நம்புகிறவர்கள் மாரடைப்புக்குப் பிறகு சீக்கிரம் தேறுகிறார்கள், மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவு. "நான் மாத்திரை போடுறேன், நடக்குறேன், அதனால தேறிடுவேன்" என்பது அந்த நம்பிக்கை. "எனக்கு வந்தது அட்டாக்கே இல்லை, கேஸ்தான்" என்பது வேறு. அது ஆபத்து.

ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் இரண்டு மாத்திரைகளை, அதாவது ஆஸ்பிரினும் அதோடு குளோபிடோக்ரெலோ டிகாக்ரெலாரோ, வழக்கமாக ஒரு வருடம் வரை விடாமல் போட வேண்டும். நடுவில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். பல் பிடுங்கப் போனால்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இப்படிப்பட்டவரிடம் பயமுறுத்திப் பேசினால் சிரித்துவிட்டுப் போவார். வாரத்துக்கு 7 அறை உள்ள மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை நிரப்பி, காலை காபி டம்ளர் பக்கத்தில் வையுங்கள். மாத்திரை வாங்குவதைத் தீருவதற்கு 5 நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

8. சோர்வா இருக்காருன்னா அது மனசா, மாத்திரையா, இதயமேதானா?

மூன்றும் இருக்கலாம். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை ஆரம்ப வாரங்களில் உடம்பைத் தளர்த்தும், சிலருக்கு விசித்திரமான கனவுகளைக் கொண்டுவரும். இதயத்தின் பம்பிங் குறைந்திருந்தாலும், ரத்த சோகையோ தைராய்டு கோளாறோ இருந்தாலும் சோர்வு வரும். ஆகவே எக்கோ, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனசைப் பார்க்க இரண்டு கேள்வி போதும். கடந்த 2 வாரத்தில் பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் இல்லாமல் போனதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? ஐ.பி.எல். வந்தால் நகரமாட்டார் என்றிருந்தவர் இப்போது ஸ்கோர்கூடக் கேட்பதில்லை, பேரன் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்றால் அது மாத்திரைத் தளர்ச்சி மாதிரி தெரியவில்லை. உடம்பு தளர்ந்தவருக்கு ஆசை இருக்கும், தெம்பு இருக்காது. மனம் தளர்ந்தவருக்கு ஆசையே இருக்காது. ஒரு கேள்விக்காவது ஆமாம் என்றால், மனச்சோர்வை அளக்கும், 9 கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 படிவத்தை டாக்டரிடம் கேட்டுப் பூர்த்தி செய்யவும். மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு உள்ளவர்கள் அடுத்த 6 மாதத்தில் அதிகம் இறக்கிறார்கள் என்று மான்ட்ரியலில் நடந்த ஆய்வு 1993-லேயே காட்டியது.

9. இதய மாத்திரையே பத்து இருக்கு. இதுல மனசுக்கும் மாத்திரையா? ஒத்துக்குமா?

ஒத்துக்கொள்ளும் மாத்திரைகள் இருக்கின்றன. செர்ட்ராலின் மாரடைப்பு வந்தவர்களுக்குப் பாதுகாப்பானது என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் இருக்கலாம். தேறிய பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடர்வார்கள், திடீரென்று நிறுத்தக் கூடாது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகளை மாரடைப்பு வந்தவர்களுக்குத் தவிர்ப்பார்கள். ஆகவே யாருக்கோ எழுதிய சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம்.

செர்ட்ராலின் வகை மாத்திரையும் 7-ஆம் பதிலில் சொன்ன இரண்டு மாத்திரைகளும் சேர்ந்தால் ரத்தக் கசிவு கொஞ்சம் கூடலாம். மலம் தார் போலக் கறுத்தாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே சொல்லுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள். மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு, மனநல ஆலோசகரோடு பேசித் தேறும் சிகிச்சையும் உண்டு. அது மனச்சோர்வைக் குறைக்கிறது. ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமாகவில்லை. மனம் தெளிவதே போதுமான காரணம் என்பது எங்கள் கருத்து.

10. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறதுன்னு வீட்ல சண்டை. எங்க போகணும்?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இதயத்துக்குப் பார்க்கும் அதே வளாகம். டிஸ்சார்ஜ் சம்மரியும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையோடு வேண்டும். நேரில் போகத் தயங்கினால் தமிழக அரசின் சுகாதார உதவி எண்ணான 104-லோ, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனாஸ்' மனநல உதவி எண்ணான 14416-லோ தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சண்டை போடுபவரிடம் "தூக்கத்துக்கும் பசிக்கும் காட்டப் போறோம்" என்று சொல்லுங்கள். பொய்யில்லை, அங்கே முதலில் கேட்பதும் அதைத்தான்.

11. குணத்தை மாத்த முடியுமா? அம்பத்தஞ்சு வயசுல?

குணம் அப்படியே இருக்கும், நடத்தை மாறும். முன்பு சொன்ன ஃப்ரீட்மேனே, மாரடைப்பு வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நாலரை வருடம் ஒரு பயிற்சி நடத்தி 1986-இல் முடிவை வெளியிட்டார். அவசரத்தையும் கோபத்தையும் குறைக்கப் பழகியவர்களுக்கு மறு மாரடைப்பு கணிசமாகக் குறைந்தது. பயிற்சிகள் மிகச் சாதாரணமானவை. நம் ஊருக்குச் சொல்வதானால், ரேஷன் கடையில் நீளமான வரிசையில் வேண்டுமென்றே நிற்பது, ஐந்து ரோட்டில் சிக்னல் விழுந்ததும் ஹாரன் அடிக்காமல் இருப்பது, இட்லியை 20 நிமிடம் எடுத்துச் சாப்பிடுவது, அடுத்தவர் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பது. ஒரு வாரத்துக்கு ஒன்று மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் அதுவே இன்னொரு அவசரம்.

12. பொம்பளைங்களுக்கும் இதேதானா?

மனச்சோர்வு பெண்களுக்கு அதிகம் வருகிறது, அதைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. ஆண் படுத்தால் வீடே சுற்றி நிற்கிறது. பெண் டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்தில் அடுப்படியில் நிற்கிறார். பைபாஸ் செய்தவர் 3 மாதத்துக்குத் தண்ணீர்க் குடமோ கிரைண்டர் கல்லோ தூக்கக் கூடாது. அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர வேண்டும். ஸ்டென்ட் என்றாலும் எப்போது தூக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க" என்கிற பெண்ணிடம் 4-ஆம் பதிலில் உள்ள கேள்விகளைக் கேளுங்கள்.

13. சொந்தத்துல ஒரு சாவு. அவர்கிட்ட சொல்லலாமா, மறைக்கலாமா?

ஐ.சி.யூ.வில் இருக்கும்போது என்றால் டாக்டரைக் கேட்டுத் தள்ளிவைக்கலாம். வீட்டுக்கு வந்து நிலையாக இருப்பவரிடம் மறைக்காதீர்கள். பயந்த சுபாவக்காரர் நீங்கள் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்துத் தனக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று முடிவு செய்துவிடுவார். காலை மாத்திரையும் சாப்பாடும் ஆன பிறகு, உட்காரவைத்து, அவருக்கு நெருக்கமான ஒருவர் சுருக்கமாகச் சொல்லட்டும். ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். சொன்ன பிறகு ஒருவர் கூடவே இருக்கட்டும்.

14. நடந்தா மனசு சரியாகும்னாங்க. எவ்வளவு? ஏற்காடு போலாமா?

டாக்டர் அனுமதித்த பிறகு 5, 10 நிமிடத்தில் தொடங்கி, சில வாரங்களில் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு வேகம் போதும். சேலம் வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். போட்டி மனப்பான்மை உள்ளவர் காந்தி ஸ்டேடியத்தில் பக்கத்து ஆளை முந்தப் பார்ப்பார், அவர் வாட்ச் இல்லாமல் நடக்கட்டும். ஒதுங்கிப்போகும் சுபாவக்காரர் தினமும் ஒரே நேரத்தில் வரும் ஒரு துணையோடு நடக்கட்டும். பேசாமல் நடந்தாலும் பலன் உண்டு.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். நிலையாக இருப்பவர் சில வாரம் கழித்து, டாக்டரைக் கேட்டுப் போகலாம். கிளியூர் அருவிக்கு இறங்குவது வேண்டாம். இறங்கியதை ஏறியாக வேண்டும்.

15. கேக்கக் கூச்சமா இருக்கு. தாம்பத்தியம்?

மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் தடையில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நைட்ரேட் மாத்திரை (6-ஆம் பதிலில் சொன்ன நாக்கடி மாத்திரையும் அந்த வகைதான்) போடுபவர் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது, பி.பி. அதலபாதாளத்துக்குப் போய்விடும். பயத்தால் விலகிப்போவதை மனைவி தன்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்வது நடக்கிறது, அதனால் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

16. "நான் இருந்து என்ன பிரயோசனம்"னு சொல்றார். சும்மா சொல்றதா எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மரவள்ளிக்கு, மாமரத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அன்றே அப்புறப்படுத்துங்கள். மாத்திரை டப்பாவை வேறொருவர் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கட்டும். அன்றைக்கே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவு.

17. மவன் போன்ல டெஸ்ட் போட்டுப் பாத்தான், எனக்கு 'டைப் டி'ன்னு வந்துச்சு. இனிமே என்ன?

அந்த டெஸ்டில் 14 வாக்கியங்கள். கவலைக்கு 7, ஒதுங்குவதற்கு 7, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண். இரண்டு பக்கமும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டைப் டி. மாரடைப்பு வந்த புதிதில் யார் போட்டாலும் கவலைப் பக்கம் கூடத்தான் வரும், 1-ஆம் பதிலில் சொன்ன காலம் அது. 3 மாதம் கழித்தும் அப்படியே வந்தால் உங்கள் சுபாவம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அது நோயின் பெயர் கிடையாது, அதற்கென்று மாத்திரையும் கிடையாது. அடுத்த செக்கப்புக்குப் போகும் முன் உடம்பில் உள்ள மூன்று தொந்தரவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பேச வாய் வராவிட்டால் தாளை அப்படியே டாக்டர் மேஜையில் வையுங்கள், அவர் படித்துக்கொள்வார்.